போன் யார் கையில் இருக்கிறது?

கிழக்கிலங்கையில் கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ பஸ்ஸால் இறங்கிச் சற்று நடந்தால் ஒரு கொமியூனிகேஷன் கண்ணில் படும். முன்னொரு காலம் அங்கே கண்ணாடி அடைப்புக்குள் ஒரு தொலைபேசி இருந்தது. நிமிடக் கணக்கில் காசு. கட்டாரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தால் தாய் இரண்டு மணிக்கே வந்து வாங்கில் குந்தியிருப்பார். 2000களின் நடுவில் வீடுகளுக்குக் கம்பியில்லாத சீடிஎம்ஏ போன்கள் வந்தன. அப்புறம் எல்லாருடைய சட்டைப் பைக்குள்ளும் கைபேசி வந்தது. இனி இந்தக் கடைகளுக்கு என்ன வேலை என்று பலரும் நினைத்தார்கள்.

கடைகள் மூடப்படவில்லை. சில இடங்களில் முன்பைவிடக் கூட்டம் அதிகம். கண்ணாடி அடைப்பு போய், அந்த இடத்தில் ஒரு கணினி, ஒரு பிரின்டர், அதற்கு முன்னால் ஒரு இளைஞன். கடவுச்சீட்டுக்கு நாள் எடுப்பது, பொலிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, ஏ.எல். பெறுபேறு வந்ததும் இசட் புள்ளியைப் பார்த்துப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவது, மின் பட்டியல் கட்டுவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலானோரிடம் சொந்த ஸ்மார்ட் போன் இருக்கிறது. இருந்தும் வருகிறார்கள்.

டிஜிட்டல் தொழில்நுட்பம் அன்றாட வாழ்க்கையை என்ன செய்தது என்று கேட்டால் இரண்டு பதில்கள் சட்டென்று வரும். வேலையை இலேசாக்கியது என்பது ஒன்று, மனிதரைத் தனிமைப்படுத்தியது என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கூர்ந்து பார்க்கிற எவருக்கும் வேறொன்று தெரியும். ஒரு அலுவலுக்கும் ஒரு மனிதருக்கும் இடையில் நிற்பவர் யார் என்பது மாறிவிட்டது. இயந்திரம் வந்தால் இடையாள் ஒழிவார் என்றார்கள். அலுவலகப் பக்கம் அவர் ஒழியவில்லை, ஆள்தான் மாறினார். இடையாள் ஒருவர் நிச்சயமாகத் தேவைப்பட்ட வேறொரு பக்கத்தில், யாரும் கவனிக்காத நேரம், அவர் காணாமல் போனார். அந்த இரண்டாவது கதை அம்பாறை நகரத்தில் தீயில் முடிந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் 2022. எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்ட அந்த வருடம் ஜூலையில் அரசாங்கம் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் என்ற கியூஆர் முறையைக் கொண்டு வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் மூன்றையும் கொடுத்தால் போனுக்கு ஒரு குறியீடு வரும், அதை இட்டால் கியூஆர் கிடைக்கும். நகரத்து உத்தியோகத்தருக்கு ஐந்து நிமிட வேலை. வெல்லாவெளியில் பெயர் மாற்றாமல் இரண்டு மூன்று கை மாறிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை அல்ல. வாகனப் புத்தகம் எங்கே, செசி இலக்கம் வண்டியில் எந்த மூலையில் பொறித்திருக்கிறது, இணையத்தில் இடும்போது ஏன் பிழை காட்டுகிறது என்று அவர் யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். கேட்டது கொமியூனிகேஷன் பெடியனிடம்தான்.

இந்த முறையை நான் குறை சொல்ல வரவில்லை. கியூஆர் வந்த பிறகு வரிசை குறைந்தது, எல்லாரும் கண்டார்கள். அதற்கு முன் பம்பில் நிற்பவரைத் தெரிந்தால் ஒரு கணக்கு, தெரியாவிட்டால் வேறு கணக்கு. ஒரு பக்கம் தெரிந்த முகத்துக்கு இருந்த சலுகையை வெட்டிய அதே திரை, மறுபக்கம் புதிதாக ஒருவரைத் தெரிந்து வைத்திருக்கச் செய்தது. 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அடுத்தது வந்தபோது மக்கள் பிரதேச செயலகத்துக்குப் போவதற்கு முன்பே கடைக்குப் போனார்கள்.

அந்த அடுத்தது அஸ்வெசும. சமுர்த்தி என்ற பழைய வறுமை நிவாரணத் திட்டத்தின் இடத்தில் 2023 ஜூலையில் தொடங்கிய கொடுப்பனவு. சமுர்த்திக் காலத்தில் யாருக்குக் கொடுப்பது என்பதில் ஊர் உத்தியோகத்தரின் விருப்பு வெறுப்பும் அரசியல்வாதியின் சொல்லும் விளையாடின என்ற குற்றச்சாட்டு நாடு முழுவதும் இருந்தது. அதற்கு மாற்றாக 22 குறிகாட்டிகளை வைத்துக் கணினி புள்ளி போடும் என்றார்கள். வீடு எப்படிப்பட்டது, காணி எவ்வளவு, வாகனம் உண்டா, மின்சாரப் பாவனை எத்தனை அலகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கணக்கு. புள்ளியைப் பொறுத்துத் தொடக்கத்தில் மாதம் 2,500 முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகள் இருந்தன. பட்டியல் வெளிவந்ததும் நாடெங்கும் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன.

பழைய முறையில் அநியாயம் நடந்தால் யாரோடு கோபிப்பது என்று தெரியும். உத்தியோகத்தர் வீட்டு வாசலில் போய் நின்று, “உங்களுக்குக் கண் தெரியல்லையா, என்ர கூரை எப்படிக் கிடக்கு எண்டு?” என்று கேட்கலாம். கேட்டார்கள். புதிய முறையில் அதே உத்தியோகத்தர் கையை விரிக்கிறார்: “நாங்க தரவைத்தான் ஏத்தினம், முடிவெடுத்தது சிஸ்டம்.” அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் கேள்விக்கு முகம் இல்லாமல் போனது. எந்தக் குறிகாட்டியில் புள்ளி குறைந்தது என்பதைப் புரிந்து மேன்முறையீடு எழுத வேண்டுமென்றால் திரையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். மறுபடி கடை.

பெயர் விடயத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். நம் ஊர்களில் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். இணையப் படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். தகப்பன் பெயரை எதில் போடுவது? ஒரு படிவத்தில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி. முஸ்லிம் ஊர்களில் முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுத நான்கைந்து வழிகள் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. முன்பு கிராம உத்தியோகத்தருக்கு ஆளைத் தெரியும், ஒரு கடிதம் எழுதித் தருவார். இல்லையென்றால் சமாதான நீதவானிடம் போய், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம். கணினிக்கு ஆளைத் தெரியாது. ஓர் எழுத்து மாறினால் ஆளும் மாறிவிட்டார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். 2016இலிருந்து புதிய அடையாள அட்டைகளில் 12 இலக்கங்கள். பழையதில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். ஒருவர் பழைய அட்டையோடு ஓர் இடத்திலும் புதிய அட்டையோடு வேறோர் இடத்திலும் பதிந்திருந்தால் அவருடைய சிக்கலை அவர் வாயால் விளக்கவே அரை நாள் போகும்.

எழுத்துருச் சிக்கல் வெளியூர்க்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இலங்கைத் தமிழ் அலுவலகங்கள் கணினிக்கு மாறிய காலத்தில் பாமினி என்ற எழுத்துரு எங்கும் பரவியது. அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிற ஏற்பாடு. அதில் தட்டிய கடிதத்தை அதே எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை தெரியும். தமிழுக்கு யூனிகோடில் 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. அலுவலக மேசைகளில் பாமினி போகவில்லை. அதனால் கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறார்கள். படத்துக்குள் இருக்கிற தமிழைத் தேட முடியாது, பெரும்பாலும் போன் வாசித்துக் காட்டவும் முடியாது, பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கினால் கலங்கலாகும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் வங்கியிலிருந்து பெத்தாவின் போனுக்கு வருகிற குறுஞ்செய்தி இன்றும் பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

அந்தக் குறுஞ்செய்தி பற்றி ஒரு கடையில் காதில் விழுந்த பேச்சு இது. ஓடிபி வந்திருக்கிறது. பையன் இலக்கத்தைக் கேட்கிறான். அந்த அம்மா போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இத யாருக்கும் சொல்லப்படாதெண்டு முந்தநாள் நீதானே மனே சொன்னாய். இப்ப உனக்கு எப்படிச் சொல்றது?”

“எனக்குச் சொல்லாட்டி வேல நடக்காது பெத்தா.”

இருவர் பக்கமும் நியாயம். இரகசிய இலக்கம் என்ற ஏற்பாடு ஒரு மனிதர், ஒரு போன், வாசிக்கத் தெரிந்த ஒரு கண் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. நம் ஊரில் ஒரு போனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. சில வேளை ஒரு ஒழுங்கையே இருக்கிறது. மோசடிக்காரர்கள் உள்ளே நுழைவதும் இந்த வாசலால்தான். பரிசு விழுந்திருக்கிறது என்று தொடங்கி ஓடிபியில் முடிகிற அழைப்புகள் இந்தப் பக்கத்துக்கும் வருகின்றன. இலக்கத்தை ஒருவருக்குச் சொல்லிப் பழகியவர் இன்னொருவருக்கும் சொல்லிவிடுகிறார். ஏமாந்தவர்களைப் படிப்பறிவு இல்லாதவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. சொல்லாமல் இருக்க முடியாத ஒன்றைச் சொல்லாதே என்று கட்டளையிட்ட முறையில் பிழை இருக்கிறது.

கடைக்குப் போகாத வீடுகளில் இடையாள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயது. மூத்தப்பாவின் கிளினிக் திகதி, வாப்பாவின் வங்கி மீதி, உம்மாவின் நகை அடகு முடிகிற நாள், பெரியம்மா வீட்டுக் கோபம் எல்லாம் அந்தப் பிள்ளையின் கண்ணைக் கடந்துதான் பெரியவர்களிடம் போகின்றன. முன்பு இப்படிப்பட்ட விடயங்களைப் பிள்ளைகள் வந்ததும் பெரியவர்கள் பேச்சை மாற்றி மறைப்பார்கள். இப்போது பிள்ளை வாசித்துச் சொன்னால்தான் பெரியவருக்கே தெரியும். எதை வாசிப்பது, எதை விடுவது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த முறைப்பாட்டை எந்த நேரத்தில் சொல்வது என்ற அதிகாரம் சத்தமில்லாமல் கை மாறியிருக்கிறது. பிள்ளைகள் இதைக் கெட்டித்தனமாகவே பயன்படுத்துகிறார்கள், குறை சொல்லவும் ஏலாது. மாலையில் எல்லாரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கவலைப்படுகிற கட்டுரைகள் ஏராளம் வந்துவிட்டன. ஒரே திரையைப் பார்ப்பதற்காக ஒரு பெரியவர் ஒரு சிறுவனின் நேரத்துக்குக் காத்திருப்பது பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை.

வட்ஸ்அப்பில் 2013இல் வந்த குரல்பதிவு இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றியது. எழுதத் தெரியாதவர் பொத்தானை அழுத்திப் பேசிவிட்டு விடலாம், யார் தயவும் வேண்டாம். வயல் பக்கம் இது நன்றாகவே பற்றிக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பது என்று நீர்ப்பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானை தன் குரலிலேயே குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். எழுத்தைச் சுற்றிப் போகிற வழி கிடைத்த இடத்தில் முதியவர்கள் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை.

வெளிநாட்டில் வீட்டுப் பணிக்குப் போன தாய்மாரின் குடும்பங்களில் இந்த இடையாள் விடயம் வேறு கனம் பெறுகிறது. இரண்டு மாவட்டங்களிலிருந்தும் சவூதி, குவைத், கட்டார், டுபாய் என்று போன பெண்கள் ஏராளம். முதலில் கடிதம். எழுதத் தெரியாதவருக்கு ஊரில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள், வந்த கடிதத்தை வாசித்தும் காட்டுவார்கள். ஒலிநாடாவில் பேசி அனுப்பியவர்களும் உண்டு. பிறகு கொமியூனிகேஷன் அழைப்பு. அப்புறம் இமோ என்ற வீடியோ அழைப்புச் செயலி. வளைகுடா நாடுகள் சிலவற்றில் வட்ஸ்அப் அழைப்பும் ஸ்கைப்பும் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், குறைந்த டேட்டாவில் ஓடிய இமோ கிழக்கிலங்கை வீடுகளுக்குள் புகுந்துகொண்டது. சவூதி இந்தத் தடையைத் தளர்த்தத் தொடங்கியதே 2017 செப்டெம்பரில்தான்.

முகம் பார்க்க முடிவது பெரிய விடயம், அதைச் சின்னதாகப் பேசக் கூடாது. தாய் அடுப்படியில் நின்றபடி பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறாள், கடைசிப் பிள்ளை பல் விழுந்ததைக் காட்டுகிறான். ஆனால் கெமராவைப் பிடித்திருப்பது மூத்த மகள். அவள்தான் போனை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்கிறாள். மழைக்கு ஒழுகுகிற மூலை, வாப்பா வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிற அறை, கடன்காரர் வந்து நிற்கிற வாசல் அந்தச் சட்டகத்துக்குள் வராது. அங்கிருந்து தாயும் அதையே செய்கிறாள். கையில் பட்ட சூட்டுக் காயம் திரைக்கு வெளியே. கடிதக் காலத்தில் இருவருக்கும் தெரியாதவை இருந்தன, அது தூரத்தின் குற்றம். இப்போது பார்த்துக்கொண்டே மறைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. 2013இல் அரசாங்கம் வெளிநாடு போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றது. பிள்ளை யார் பொறுப்பில் என்று அந்த அறிக்கை கேட்டது. தாய்க்கும் வீட்டுக்கும் இடையில் போன் யார் பொறுப்பில் என்று கேட்கும் படிவம் எதுவும் இல்லை.

கொவிட் காலத்துப் படிப்பு இதன் இன்னொரு பக்கம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களுக்கும் சூமுக்கும் போனார்கள். வீட்டில் ஒரு நல்ல போன், அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். பாடம் இரவு வரை காத்திருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் சிக்னல் தேடி வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் வேறு. அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்ததுதான்.

கடலுக்கும் வயலுக்கும் வருவோம். போன் வந்தால் தரகர் சாவார் என்ற நம்பிக்கைக்கு ஒரு புகழ்பெற்ற ஆதாரம் உண்டு. 1997இலிருந்து 2001 வரை வட கேரளக் கரையில் மொபைல் கோபுரங்கள் படிப்படியாக வந்தபோது, ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் மத்தி மீன் விலையைப் பின்தொடர்ந்தார். கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் விலை நல்லது என்று கேட்டு அங்கே கரையேறத் தொடங்கினார்கள். மீனவர் இலாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, விற்காமல் கொட்டுகிற மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. 2007இல் வெளிவந்த அந்த ஆய்வை உலகெங்கும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

வாழைச்சேனையிலும் கல்முனையிலும் மீனவர்கள் விலை கேட்கிறார்கள், ஜிபிஎஸ் வைத்து வலை போட்ட இடத்தைக் குறிக்கிறார்கள். பயன் இல்லாமல் இல்லை. ஆனால் வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் எந்த விலை தெரிந்தாலும் அந்த முதலாளிக்குத்தான் மீனைக் கொடுக்க வேண்டும். விலை தெரிவது வேறு, விற்கும் உரிமை வேறு. போன் முதலாவதைத் தந்தது, இரண்டாவது கடன் கொப்பியில் இருக்கிறது.

நெல்லும் அப்படியே. பெரும்போக அறுவடை தை, மாசியில் நெருக்கி வரும். வெட்டு மிஷின் ஒரே நாளில் வயல் வட்டையைக் காலி செய்துவிடும், நெல் ஈரம். நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு எடுக்க வேண்டுமென்றால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காயவைக்கத் தளம் எங்கே? தெருவோரம் பரப்பினால் மழை. அந்த நேரம் வயலடிக்கே லொறியோடு வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை. பொலன்னறுவையில் ஆலை என்ன விலைக்கு எடுக்கிறது என்பது விவசாயியின் போனில் தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். தெரியாமல் ஏமாறுவதைவிடத் தெரிந்து கொடுப்பது அதிகம் வலிக்கும் என்பார்கள் சம்மாந்துறைப் பக்கத்தில். எனக்கு அது மிகையாகப் படவில்லை.

இனி முதலில் சொன்ன இரண்டாவது கதை. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரம். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் இருந்த ஒரு கட்டியைக் காட்டி, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். கல்லாவில் நின்றவருக்குத் தமிழ்தான் மொழி. சிங்களத்தில் மிரட்டிக் கேட்ட கேள்வி சரியாக விளங்காமல், மாவுக்கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஆம் போட்டோம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அது வீடியோவானது, ஒப்புதல் வாக்குமூலமாகப் பேஸ்புக்கில் ஓடியது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அது வெறும் மா என்று அறிக்கை கொடுத்தார். அப்படி மலடாக்குகிற மாத்திரை ஒன்று மருத்துவத்தில் கிடையவே கிடையாது. அந்த அறிக்கை வருவதற்குள் மார்ச் முதல் வாரத்தில் கண்டி திகனயில் பெரிய கலவரம் வெடித்துவிட்டது.

மலட்டு மாத்திரை வதந்தி பேஸ்புக்குக்கு முந்தியது, அதைத் தொழில்நுட்பம் பெற்றெடுக்கவில்லை. முன்பு அத்தகைய வதந்தி தெருவில் நடந்து வர வேண்டும். வழியில் யாராவது மறிப்பார். பன்சலையின் பிக்கு, பள்ளிவாசல் நிர்வாகி, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், பொலிஸ் பொறுப்பதிகாரி, இரு பக்கமும் வியாபாரம் செய்கிற கடைக்காரர். அவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை, மூட்டிவிட்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். ஆனால் ஆளை விசாரிக்க நேரம் இருந்தது. வீடியோவுக்கு அந்த நடை தேவைப்படவில்லை. சொன்னது என்ன மொழி, விளங்கித்தான் சொன்னாரா என்று கேட்க இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் போதும். அந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர். வீடியோ அவர்களைத் தாண்டி நேராக ஆயிரம் கைகளுக்குப் போய்விட்டது. மறுமுனையில் பேஸ்புக் நிறுவனத்திடமும் சிங்களம் வாசித்து வெறுப்புப் பேச்சை அகற்றப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில் அந்த நிறுவனம் 2018 வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது.

அரசாங்கம் செய்தது கதவை மூடியது. 2018 மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் தடுக்கப்பட்டன, ஒரு வாரமளவு நீடித்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கானது, அன்றும் தடை. 2022 ஏப்ரலில் ஒரு தடை. தடை வந்தால் அதைச் சுற்றிப் போகிற வீபிஎன். கொமியூனிகேஷன் பெடியன்களுக்கு அதைப் போட்டுக் கொடுப்பதும் ஒரு வேலை. வட்ஸ்அப் தன் பங்குக்கு 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எது பொய் என்று ஓர் ஆணைக்குழு சொல்லும் என்கிறது அது. சந்தியில் நின்று மறித்த பல பேருக்குப் பதிலாகக் கொழும்பில் நியமிக்கப்படுகிற சிலர். இதை எப்படி ஈடு என்பது?

கடல் வதந்தியைப் பாருங்கள், விடயம் இன்னும் தெளிவாகும். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியதற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரு செய்தியும் வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், நாட்டிலேயே அதிகம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் என்று நினைக்காதவர் இந்தக் கரையில் இல்லை. 2012 ஏப்ரல் 11, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, 8.6 அளவில் மறுபடி நடுங்கியது. இம்முறை போன்கள் இருந்தன, எச்சரிக்கை வந்தது, கரையோரம் மேற்கே ஓடியது. நல்ல வேளை, பெரிய அலை எழவில்லை, அந்த நடுக்கத்தில் நிலம் பக்கவாட்டில்தான் நகர்ந்தது.

இன்று கடல் சற்றுக் கறுத்தாலும் குழுக்களில் குரல்பதிவு வருகிறது: கடல் உள்வாங்குதாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்க. அனுப்பியவர் மாமா. அவருக்கு அனுப்பியவர் யார் என்று தெரியாது, ஆனால் மாமாவைத் தெரியும், எனவே நம்புகிறோம். பகிர்கிற செய்தியில் எழுதியவரின் முகம் கழன்று, கடைசியாக அனுப்பியவரின் முகம் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டுதலை மக்களின் அறியாமை என்பவர்கள் 2004ஐ இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் அல்ல. நம்பி ஓடுவதால் போவது ஓர் இரவுத் தூக்கம், நம்பாமல் இருந்து ஒரு தடவை பிழையாகிவிட்டால் போவது வேறு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கலாம், கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாதி இரவில் குரல் நடுங்கப் பேசும் மாமாவோடு ஓர் இலக்கம் போட்டி போடுவது கஷ்டம்.

அலுவலகப் பக்கம் அரசாங்கம் ஒரு காலத்தில் இடையாளை வைக்கத்தான் பார்த்தது. 2005 அளவில் நெனசல என்ற பெயரில் கிராமங்களுக்குக் கணினி நிலையங்கள் வந்தன. ஆளுக்கொரு போன் வந்த பிறகு அந்த எண்ணமே தேய்ந்தது. இப்போது இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை தயாராகிறது, 2025 பெப்ரவரியில் அரச கட்டணங்களைப் போனில் கட்டுவதற்குக் கவ்பே தொடங்கியது. அடுத்தடுத்து இன்னும் வரும். எல்லாம் ஆளுக்கொரு போன், போனுக்கொரு ஆள் என்ற கணக்கில்தான் வரும்.

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, பிழையாக உறுதி முடித்தால் வழக்குப் போடலாம். சமாதான நீதவானுக்கு ஒரு முத்திரையும் பதிவும் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரைப் பற்றி முறைப்பாடு செய்யப் பிரதேச செயலாளர் இருக்கிறார். ஒரு ஊரின் பாதி அடையாள அட்டை இலக்கங்களும் கடவுச்சொற்களும் தங்கியிருக்கிற கொமியூனிகேஷன் கணினிக்கு ஒன்றும் இல்லை. அந்த இளைஞனுக்குப் பயிற்சி கிடையாது, பொறுப்பு கிடையாது, பற்றுச்சீட்டுக்கூடக் கிடையாது. ஒரு விண்ணப்பத்துக்கு அவன் எவ்வளவு வாங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தால் ஏழையிடம் குறைத்து வாங்குவான், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. மின்னஞ்சல் முகவரி இல்லாதவர்களுக்கு அவனே ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லைத் தன் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறான். அவன் கட்டாருக்குப் போய்விட்டால் அந்தக் கொப்பி யாரிடம் போகும் என்பது இப்போதைக்கு அவனுக்கும் அவன் தம்பிக்கும் இடையிலான விடயம்.